சதுரங்கம் கற்றுக்கொடுத்தது பணத்துக்கும் இணையத்துக்கும் எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

கேள்வி இதுதான்: "சில வருடங்களாகச் சதுரங்கம் ஆடுகிறேன், ரேட்டிங்கும் (ஆட்டத் திறனைக் காட்டும் புள்ளி) ஓரளவு ஏறியிருக்கிறது. இதே யோசனை முறையைச் சேமிப்பு, முதலீடு, இணையத்தில் ஒரு சேனலை வளர்ப்பது போன்றவற்றுக்குப் பயன்படுத்தலாமா? சதுரங்கம் ஆடுகிறவர்கள் பண விஷயத்திலும் கெட்டிக்காரர்களாக இருப்பார்களா?"

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சதுரங்கம் தெரியும் என்பதாலேயே யாரும் பண விஷயத்தில் கெட்டிக்காரராக ஆகிவிடுவதில்லை. 1886-இல் முதல் அதிகாரபூர்வ உலக சாம்பியன் ஆன வில்ஹெல்ம் ஸ்டைனிட்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அவசரப்பட்டுத் தாக்காதே, சின்னச் சின்ன அனுகூலங்களைச் சேர்த்துக்கொண்டே போ, தாக்குவதற்கான நேரம் தானே வரும் என்று ஒரு தலைமுறைக்கே பாடம் நடத்தியவர் அவர். சேமிப்புக்கு இதைவிடப் பொருத்தமான தத்துவத்தைத் தேடினாலும் கிடைக்காது. அந்த மனிதர் 1900-இல் நியூயார்க்கில் வறுமையில்தான் இறந்தார்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. 1973-இல் சேஸ், சைமன் என்ற இரு ஆய்வாளர்கள் செய்த சோதனை சதுரங்க வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்தது. உண்மையான ஆட்டத்திலிருந்து ஒரு நிலையை எடுத்து ஐந்து நொடி காட்டினால், மாஸ்டர் அதன் பெரும்பகுதியைத் திரும்ப அடுக்கிவிடுகிறார். புதிதாக ஆடுபவரால் நாலைந்து காய்களைத்தான் சரியாக வைக்க முடிகிறது. ஆனால் அதே காய்களைத் தாறுமாறாகக் கலைத்து வைத்துக் காட்டினால், மாஸ்டரின் மேன்மை ஏறக்குறைய காணாமல் போகிறது. அதாவது மாஸ்டருக்கு இருப்பது பொதுவான அபார ஞாபகசக்தி கிடையாது. பலகையில் வரும் வடிவங்கள் பழகிப்போயிருக்கின்றன, அவ்வளவுதான். அந்த வடிவங்கள் வட்டி விகிதத்திலும் சந்தையிலும் வருவதில்லை. ஆகவே திறமையை அப்படியே எடுத்துப்போக முடியாது. எடுத்துப்போகக் கூடியவை சில பழக்கங்கள்.

அதிலும் எல்லோரும் முதலில் சொல்லும் பழக்கம், "பத்து நகர்வு முன்னாடியே யோசிக்கணும்" என்பது. எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. டச்சு உளவியலாளர் அட்ரியான் டி குரூட் 1940-களில் கிராண்ட்மாஸ்டர்களையும் சாதாரண வலுவான ஆட்டக்காரர்களையும் உட்கார வைத்து, யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். எவ்வளவு ஆழம் கணக்கிடுகிறார்கள் என்பதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. எந்த நகர்வுகளை யோசிக்க எடுத்துக்கொள்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். உருப்படாத நகர்வு கிராண்ட்மாஸ்டரின் கண்ணிலேயே படுவதில்லை. பண விஷயத்திலும் அடுத்த இருபது வருடம் சந்தை எப்படிப் போகும் என்று கணிக்க உட்காருவதைவிட, குப்பையான நான்கு யோசனைகளை வாசலிலேயே திருப்பி அனுப்பத் தெரிந்தால் போதும்.

அங்கிருந்துதான் முதல் உருப்படியான பாடம் வருகிறது. அமெச்சூர் ஆட்டங்களில் பெரும்பாலானவை அற்புதமான நகர்வால் ஜெயிக்கப்படுவதில்லை; யாரோ ஒருவர் பெரிய தப்பு செய்வதால் முடிகின்றன. மேல்மட்டத்திலும் இது நடக்கும். 2014 உலக சாம்பியன்ஷிப், சோச்சி, ஆறாவது ஆட்டம். கார்ல்சன் 26-ஆவது நகர்வில் ராஜாவைத் தவறான கட்டத்தில் வைத்தார். ஆனந்த் குதிரையால் நடுச் சிப்பாயை வெட்டியிருந்தால் இரண்டு சிப்பாய்கள் கிடைத்திருக்கும், ஆட்டமே அவர் பக்கம் சாய்ந்திருக்கும். ஆனந்த் அந்த நேரத்தில் பலகையின் ஓரத்தில் தன் சிப்பாயை முன்னே தள்ளும் திட்டத்தில் இருந்தார். அதையே தள்ளினார். கார்ல்சன் பிழைத்ததோடு ஆட்டத்தையும் ஜெயித்தார்.

நம் திட்டத்தில் மூழ்கியிருக்கும்போது எதிரில் என்ன மாறியது என்று பார்க்க மறந்துவிடுகிறோம். ஐந்து முறை உலக சாம்பியனாக இருந்தவருக்கே இது நடக்கும் என்றால் நமக்கு நடக்காதா? வருடக்கணக்காகத் தானியங்கியாகப் போய்க்கொண்டிருக்கும் ஒரு முதலீடு, எப்போதோ எடுத்த காப்பீடு, ஒரு காலத்தில் குறைவாக இருந்து பிறகு ஏறிவிட்ட கடன் வட்டி என எல்லாவற்றையும் அவ்வப்போது "இப்போது நிலை என்ன?" என்று புதுக் கண்ணோடு பார்க்க வேண்டும்.

பெரிய தப்பைத் தவிர்ப்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு எளிய கணக்கு ஒன்று போதும். 10 சதவீதம் இழந்தால் பழைய இடத்துக்கு வர 11 சதவீதத்துக்குச் சற்று மேல் லாபம் வேண்டும். 20 இழந்தால் 25 வேண்டும். 50 இழந்தால் 100 வேண்டும். 90 இழந்தவருக்கு 900 சதவீதம் லாபம் தேவை. ஒரு சிப்பாய் குறைவாக இருந்தால் போராடி டிரா செய்யலாம்; ராணியை இழந்த பிறகு நல்ல நகர்வுகளாக ஆடி என்ன பிரயோசனம்?

தப்பு எந்தக் கணத்தில் நுழைகிறது என்பதையும் சதுரங்கக்காரர்கள் கவனித்திருக்கிறார்கள். சோவியத் கிராண்ட்மாஸ்டர் அலெக்சாண்டர் கோடோவின் பெயரில் ஒரு நோயே இருக்கிறது. ஆட்டக்காரர் இரண்டு நகர்வுகளை மாற்றி மாற்றி அரைமணி நேரம் ஆராய்கிறார். இரண்டும் திருப்தியாக இல்லை. கடிகாரத்தைப் பார்க்கிறார், பதறுகிறார். உடனே, ஒரு நொடிகூட ஆராயாத மூன்றாவது நகர்வை ஆடிவிடுகிறார். அது பெரும்பாலும் படுமோசமான நகர்வாக இருக்கும். இரண்டு நல்ல நிதித் திட்டங்களை மாதக்கணக்கில் ஒப்பிட்டுவிட்டு, கடைசியில் முந்தின நாள் இரவு நண்பர் சொன்ன வேறொன்றில் பணத்தைப் போடுகிறவரை உங்களுக்கும் தெரிந்திருக்கும். அலுப்பில் எடுக்கும் முடிவு அது.

இதற்குப் பழைய ஆட்டக்காரர்களிடம் ஒரு மருந்து இருந்தது: நகர்வை முதலில் தாளில் எழுது, எழுதிய பிறகு இன்னொரு முறை பலகையைப் பார், அப்புறம் காயைத் தொடு. போட்டிகளில் இப்போது விதி அதை அனுமதிப்பதில்லை, முன்கூட்டி எழுதினால் அது குறிப்பெடுத்து ஆடுவதாகிவிடும் என்பதால். பணத்துக்கு அப்படி எந்தத் தடையும் கிடையாது. எதை வாங்குகிறேன், ஏன் வாங்குகிறேன், எது நடந்தால் நான் நினைத்தது தப்பு என்று ஒத்துக்கொள்வேன் என மூன்று வரி எழுதுங்கள். ஒரு நாள் விட்டு மறுநாள் படித்துப் பாருங்கள். பாதி யோசனைகள் அந்த மூன்றாவது வரியிலேயே செத்துவிடும், ஏனென்றால் அதை எழுதவே வராது.

அடுத்தது சும்மா கிடைக்கும் சிப்பாய். எதிராளி ஒரு காயைக் காவல் இல்லாமல் விட்டால், பழகிய ஆட்டக்காரர் கை நீட்டுவதற்கு முன்னால் "இவர் ஏன் இதை எனக்குத் தருகிறார்?" என்றுதான் கேட்பார். 1972-இல் ரெய்க்யாவிக்கில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பின் முதல் ஆட்டத்தில் அமெரிக்காவின் பாபி ஃபிஷர் இந்தக் கேள்விக்குத் தப்பான பதில் வைத்திருந்தார். டிராவை நோக்கி அமைதியாகப் போய்க்கொண்டிருந்த இறுதிக்கட்டத்தில், மந்திரியால் ஓரத்துச் சிப்பாயைப் போய் வெட்டினார். எதிராளி ஸ்பாஸ்கி பக்கத்துச் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தினார். மந்திரிக்குத் திரும்பும் வழி அடைபட்டது. ஃபிஷர் அந்த ஆட்டத்தில் தோற்றார்.

"மாதம் 5 சதவீதம் நிச்சய வருமானம்" என்று யாராவது வந்தால் இதே கேள்வியைக் கேளுங்கள். மாதம் 5 சதவீதம் கூட்டு வட்டியில் ஒரு வருடத்தில் கிட்டத்தட்ட 80 சதவீதம் ஆகும். பத்து வருடத்தில் போட்ட பணம் ஏறக்குறைய 349 மடங்காகும். அப்படி ஒரு வித்தை உண்மையிலேயே தெரிந்தவர், வங்கியில் குறைந்த வட்டிக்குக் கடன் வாங்கித் தானே போட்டுக்கொள்வார். உங்கள் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருக்க மாட்டார். இந்த இடத்தில் சதுரங்கக்காரரின் சந்தேக புத்தி ஒரு பெரிய சொத்து, அதைப் பலகைக்கு வெளியேயும் வைத்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால் சதுரங்கத்திலிருந்து பணத்துக்கு வரும் மிக நல்ல பாடம் காய்களில் இல்லை, கடிகாரத்தில் இருக்கிறது. போட்டி ஆடியவர்களுக்கு இது தெரியும்: நிலை அருமையாக இருக்கும், ஒரு யானை கூடுதலாகக்கூட இருக்கும், ஆனால் கடிகாரத்தில் இருபது நொடிதான் மிச்சம். எதிராளி எதையோ நகர்த்திக்கொண்டே இருப்பார், நமக்குக் கை நடுங்கும், நேரம் தீர்ந்ததைக் காட்டும் கொடி விழும், ஆட்டம் போச்சு. பலகையில் ஜெயித்து, நேரத்தில் தோற்பது.

கையிருப்பு ரொக்கம்தான் வாழ்க்கையில் அந்தக் கடிகாரம். நிலம், வீடு, நீண்டகால முதலீடு எல்லாம் சேர்த்துப் பார்த்தால் வசதியானவர் என்று சொல்லக்கூடிய ஒருவர், வேலை போய் மூன்று மாதம் ஆனதும் தடுமாறுவது இதனால்தான். சொத்து இருக்கிறது, ஆனால் அடுத்த மாதத் தவணைக்குப் பணமில்லை. அந்த நேரத்தில் எதை விற்றாலும் வாங்குகிறவர் சொன்னதுதான் விலை. வருத்தம் என்னவென்றால், அந்த முதலீடுகளில் எதுவும் மோசமான முடிவாக இருந்திருக்காது. அவற்றுக்குத் தேவைப்பட்ட நேரத்தைக் கொடுக்க முடியவில்லை. ஆறு மாதச் செலவுக்கான பணத்தை உடனே எடுக்கக்கூடிய இடத்தில் வைத்திருப்பதை, "இது சும்மா தூங்குகிறதே, வட்டியே வரலையே" என்று பலர் குறையாகப் பார்க்கிறார்கள். கடிகாரத்தில் மிச்சமிருக்கும் நேரமும் பலகையில் எதையும் தாக்குவதில்லை. ஆனாலும் அது இருப்பதால்தான் மற்ற காய்கள் அனைத்தையும் நிதானமாக ஆட முடிகிறது.

நேரம் தீர்ந்து தோற்கும் இந்தக் கொடுமைக்கு ஃபிஷரே ஒரு வழி கண்டார். ஒவ்வொரு நகர்வுக்கும் சில நொடிகள் கடிகாரத்தில் கூடும்படியான கடிகாரத்தை வடிவமைத்து 1988-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்; அடுத்த ஆண்டு காப்புரிமை கிடைத்தது. இன்று பெரிய போட்டிகள் பெரும்பாலும் அந்த முறையில்தான் நடக்கின்றன. மாதா மாதம் வரவு வந்ததும், செலவு தொடங்கும் முன்பே, ஒரு சிறு தொகை தானாக அவசர நிதிக்குப் போகும்படி வைப்பது அதே ஏற்பாடுதான். தொகை சிறியதாக இருந்தாலும், கடிகாரம் பூஜ்ஜியத்தைத் தொடாது.

கடன் பற்றி. சதுரங்கத்தில் கேம்பிட் என்று ஒன்று உண்டு. தொடக்கத்திலேயே ஒரு சிப்பாயை வேண்டுமென்றே விட்டுக்கொடுத்து, பதிலுக்குக் காய்களை வேகமாக வெளியே கொண்டுவருவது. அதை ஆடுபவருக்கு, விட்ட சிப்பாய்க்கு ஈடாக என்ன கிடைத்தது என்று விரல்விட்டுச் சொல்லத் தெரியும். சொல்லத் தெரியாவிட்டால் அது கேம்பிட் அல்ல, சிப்பாய் நஷ்டம். சம்பாதிக்கும் திறனைக் கூட்டும் படிப்புக்கோ கருவிக்கோ வாங்கும் கடன் முதல் வகையாக இருக்கலாம். புது ஃபோனுக்கு வாங்குவது அநேகமாக இரண்டாவது வகை.

சதுரங்கத்தோடு ஒட்டிய தானியக் கதையையும் இங்கே சொல்ல வேண்டும். முதல் கட்டத்துக்கு ஒரு தானியம், அடுத்ததற்கு இரண்டு, அப்புறம் நான்கு என்று 64 கட்டத்துக்கும் கேட்டவர் கதை. மொத்தம் 18,446,744,073,709,551,615 தானியம். முதலீட்டு ஆலோசகர்கள் எல்லோரும் கூட்டு வட்டியின் மகிமைக்கு இதைச் சொல்வார்கள், கேட்கிறவர்களும் தங்களைத் தானியம் கேட்டவராகவே நினைத்துக்கொள்வார்கள். நிஜத்தில் நம்மில் பலர் அந்தக் கதையில் ராஜா. கணக்குப் போடாமல் சரி என்று தலையாட்டியவர். மாதம் 3 சதவீதம் வட்டி போடும் கடன் அட்டை நிலுவையைத் தொடாமல் விட்டால் இரண்டு வருடத்தில் இரட்டிப்பாகும். 72-ஐ ஆண்டு வட்டியால் வகுத்தால் இரட்டிப்பாக ஆகும் வருடங்கள் தோராயமாகக் கிடைக்கும்; 6 சதவீதம் என்றால் 12 வருடம், 12 என்றால் 6 வருடம், 36 என்றால் 2. முதலீடு 6 சதவீதத்தில் வளர, கடன் 36 சதவீதத்தில் வளர்ந்தால் யார் ஜெயிப்பார் என்று சொல்லத் தேவையில்லை. அதனால் முதலில் அந்தக் கடனை அடையுங்கள், முதலீட்டுப் பேச்சு அப்புறம்.

சதுரங்கம் நம்மைத் தவறான பக்கம் இழுக்கும் இடங்களும் இருக்கின்றன. பலகையில் உங்கள் முறை வந்தால் நகர்த்தியே ஆக வேண்டும். எதை நகர்த்தினாலும் நிலை கெடும் என்றாலும் தப்ப முடியாது. அதற்கு சுக்ஸ்வாங் என்று தனிப்பெயரே இருக்கிறது. பணத்தில் அந்த விதி இல்லை. ஒரு வருடம் எதையும் மாற்றாமல் இருந்தால் யாரும் உங்களைத் தோற்றவராக அறிவிக்க மாட்டார்கள். சதுரங்க மூளைக்கு இது பிடிபடச் சிரமம், ஏதாவது செய்துகொண்டே இருக்கக் கை பரபரக்கும். இன்னொன்று, பலகையில் மறைவு எதுவும் கிடையாது, பகடையும் கிடையாது. தோற்றால் எங்கோ தப்பு செய்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். முதலீட்டில் சரியான முடிவு நஷ்டத்திலும் முட்டாள்தனமான முடிவு லாபத்திலும் முடியலாம். அதனால் எல்லாக் காயையும் ஒரே பக்கம் குவித்துத் தாக்குவது பலகையில் அழகு, சேமிப்பில் ஆபத்து.

சரி, இணையத்துக்கு வருவோம்.

நான்கு நகர்வில் மேட் செய்யும் தந்திரத்தைச் சதுரங்கம் கற்ற ஒவ்வொருவரும் கொஞ்ச காலம் காதலித்திருப்போம். ராணியையும் மந்திரியையும் சீக்கிரமே வெளியே கொண்டுவந்து ராஜா பக்கத்துச் சிப்பாயைக் குறிவைப்பது. தெரியாதவரிடம் பலிக்கும். தெரிந்தவர் ஒரு குதிரையை வெளியே கொண்டுவந்து ராணியைத் துரத்துவார். நாம் ராணியை இங்கும் அங்கும் ஓட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் அவர் எல்லாக் காய்களையும் சரியான இடத்தில் வைத்துவிடுவார். பொய்த் தலைப்பு, பயமுறுத்தும் முகப்புப் படம், காசு கொடுத்து வாங்கிய பின்தொடர்வோர் எல்லாம் இந்த ரகம். முதல் முறை வந்தவர் இரண்டாம் முறை வர மாட்டார்.

இணையத்தில் யார் வளர்கிறார்கள் என்பதற்குச் சதுரங்க உலகமே நல்ல சாட்சி. யூடியூபில் மிகப்பெரிய சதுரங்கச் சேனல்களில் ஒன்றை நடத்தும் லெவி ரோஸ்மன் கிராண்ட்மாஸ்டர் அல்ல, அதற்கு ஒரு படி கீழான சர்வதேச மாஸ்டர். குரோஷியாவின் அன்டோனியோ ராடிச் அந்த அளவு பட்டமும் இல்லாதவர். பழைய ஆட்டங்களை நிதானமாகச் சொல்லிக்காட்டியே பத்து லட்சத்துக்கும் மேல் சந்தாதாரர்களைச் சேர்த்தார். இவர்களைவிட வலுவாக ஆடும் நூற்றுக்கணக்கானோர் இருக்கிறார்கள், அவர்களைப் பார்க்க ஆளில்லை. ஆடுவது ஒரு திறமை, எடுத்துச் சொல்வது வேறொரு திறமை. பார்ப்பவருக்கு எந்த இடத்தில் குழப்பம் வரும் என்று தெரிந்து அங்கே நிற்பவர்தான் ஆளைச் சேர்க்கிறார். "நான் இந்தத் துறையில் பெரிய ஆள் ஆன பிறகுதான் சேனல் தொடங்குவேன்" என்று காத்திருப்பவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன்.

ராடிச்சின் கதையில் இன்னொரு பாதியும் உண்டு. 2020 ஜூனில் ஒரு நேரலையின் நடுவே அவருடைய சேனல் தடை செய்யப்பட்டது. பேசிக்கொண்டிருந்தது அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் ஹிகாரு நகமுராவோடு, சதுரங்கம் பற்றி. ஒரு நாளுக்குள் திரும்பக் கிடைத்தது. அவ்வளவு பெரிய சேனல் என்பதால் சத்தம் கேட்டது. சின்னச் சேனலுக்கு யார் கேட்பார்கள்? இணையத் தளங்கள் நாம் ஆடும் பலகை, நமக்குச் சொந்தமானவை அல்ல. உங்கள் வீடியோக்களுக்கும் எழுத்துக்கும் ஒரு பிரதியும், வாசகர்களை நேரடியாகத் தொடர்புகொள்ள ஒரு மின்னஞ்சல் பட்டியலும் தனியே வைத்திருங்கள்.

எண்களைப் படிக்கவும் சதுரங்கம் உதவும். அர்பாட் இலோ வகுத்த ரேட்டிங் முறையை உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே 1970-இல் ஏற்றது. அதன்படி ரேட்டிங்கில் உங்களைவிட 200 புள்ளி குறைந்தவரோடு 100 ஆட்டம் ஆடினால், வெற்றிக்கு ஒன்று, டிராவுக்கு அரை என்ற கணக்கில் நீங்கள் எதிர்பார்க்கக்கூடியது சுமார் 76 புள்ளி. அதாவது தெளிவாகவே நீங்கள் வலுவானவராக இருந்தும் 24 புள்ளி அவருக்குப் போகும். ஒரு ஆட்டத்தில் தோற்றதை வைத்து எதையும் சொல்ல முடியாது. ஒரு வீடியோ படுத்துவிட்டது என்று சேனலின் பாணியையே மாற்றுகிறவர், ஒரு ஆட்டத்தில் தோற்றதும் ஓப்பனிங்கை, அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் முறையை மாற்றுகிற ஆட்டக்காரரைப் போன்றவர். இருபது முப்பது சேர்ந்த பிறகு பாருங்கள், எந்தத் தலைப்பு நின்றது, எந்த நொடியில் பார்ப்பவர்கள் எழுந்து போனார்கள் என்று. அந்த நொடியை வெட்டிப் பார்ப்பதுதான் ஆட்டம் முடிந்த பிறகு செய்யும் ஆராய்ச்சி. எஞ்சினை, அதாவது சதுரங்கக் கணினி நிரலைக் கேட்கும் முன் நாமே காரணத்தை யோசிப்பது போல, புள்ளிவிவரத்தைத் திறக்கும் முன் எது சரியில்லை என்று நீங்களே ஒரு வரி எழுதிவைத்தால் கண் சீக்கிரம் பழகும்.

பொறுமைக்கு ஒரு ஆட்டம் சொல்கிறேன். 2024 சிங்கப்பூர், உலக சாம்பியன்ஷிப்பின் கடைசி, பதினான்காவது ஆட்டம். இருவரும் ஆறரைப் புள்ளியில் சமம். குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல், ஆனாலும் தியரிப்படி டிரா ஆக வேண்டிய நிலை. பலர் கைகுலுக்கியிருப்பார்கள். அவர் அபாயம் எதுவும் இல்லாமல் ஆடிக்கொண்டே இருந்தார். 55-ஆவது நகர்வில் டிங் லிரென் யானையைத் தவறான இடத்தில் வைத்தார், அதோடு முடிந்தது. இதில் பலர் கவனிக்காதது "அபாயம் இல்லாமல்" என்பது. தொடர்ந்து ஆடினால் குகேஷுக்கு நஷ்டமாகும் வாய்ப்பு மிகக் குறைவு. வேலையை விட்டுவிட்டு, கடன் வாங்கி, சேனலே கதி என்று உட்கார்ந்தவருக்கு அந்தப் பொறுமை வாய்க்காது. மாத வரவு நிற்காமல், வாரம் ஒன்று என்று போட்டுக்கொண்டிருப்பவர் மூன்று வருடம்கூடத் தாங்குவார்.

கடைசியாக, நீங்கள் இணையத்தில் ஆடுபவர் என்பதால் ஒரு எச்சரிக்கை. இரவு பதினொன்றுக்கு மூன்று நிமிட ஆட்டம் ஒன்று தோற்போம். இழந்த புள்ளியை எடுக்க இன்னொன்று. அதுவும் போகும். இப்போது நகர்வுகள் வேகமாகும், எதிராளி என்ன செய்கிறார் என்பதே கண்ணில் படாது, ஒரு மணிக்குப் பார்த்தால் நூறு புள்ளி காலி. தினசரி வர்த்தகச் செயலிகளில் ஆட்கள் பணம் இழப்பது பெரும்பாலும் இதே வரிசையில்தான், புள்ளிக்குப் பதில் அங்கே சேமிப்பு போகிறது. பிளிட்ஸில், அதாவது இந்தச் சில நிமிட ஆட்டங்களில், உங்களுக்கு இந்தக் குணம் இருக்கிறதா என்று உங்கள் ஆட்ட வரலாற்றைத் திறந்தாலே தெரியும்: தோல்விக்குப் பிறகு எத்தனை நொடியில் அடுத்த ஆட்டத்தைத் தொடங்கியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் பத்து நொடிக்குள் என்றால், குறுகியகால வர்த்தகத்தின் பக்கமே போகாதீர்கள். சந்தைக் குறியீட்டைப் பின்பற்றும் சாதாரண நிதியில் மாதா மாதம் போட்டுவிட்டு, அந்தச் செயலியை ஃபோனிலிருந்து நீக்கிவிடுங்கள்.